பூசையில் வைத்த ரவுட்டர்

ஆயுத பூஜை அன்றைக்குக் குரங்குகளுக்கு லீவு கிடையாது. அதனால் எனக்கும் கிடையாது. ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் உட்கார்ந்து, அவை கடித்துத் துப்பிப்போட்டிருந்த ஃபைபர் கேபிளை ஒட்டிக்கொண்டிருந்தேன். தலைமுடி பருமன் கண்ணாடி இழை. இரண்டு முனையையும் சீவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மெஷினுக்குள் நேர்ப்படுத்தி வைத்து, அது ஒட்டி முடிகிறவரைக்கும் கை நடுங்காமல் இருக்க வேண்டும். மலையிலிருந்து தூறல் இறங்கிக்கொண்டே இருந்தது. குடையைத் தோளில் இடுக்கி, கழுத்து வலித்து, மூன்றாவது தடவையாக ஒட்டுகிறேன். எதிர்ச்சுவரில் ஒரு தாட்டியான குரங்கு உட்கார்ந்து நான் முடிப்பதற்காகக் காத்திருந்தது. இந்தக் கருப்பு வயரில் அதுக்கு என்ன ருசி என்று பதினாலு வருஷமாகக் கேட்கிறேன், ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது.

என் பெயர் கிதிர் முகம்மது. தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் ஒரு சின்ன நெட் கம்பெனிக்கு லைன் பார்க்கிறேன். நெட் வருகிற வரைக்கும் என்னை ஒருத்தரும் நினைக்க மாட்டார்கள். நின்றுவிட்டால் சொந்தத் தம்பியைத் தேடுகிற மாதிரித் தேடுவார்கள். அன்றைக்கு ஒரு மணி சுமாருக்கு அப்படி ஒரு போன் வந்தது. இலஞ்சி ஜோதிலட்சுமி.

"அண்ணே, வீட்டுக் கம்ப்யூட்டர் கிடைக்கலண்ணே."

"கரண்ட் போயிருக்கும்மா. அஞ்சு நிமிசம் பாரு, தானா வந்துரும்."

"ஒன்னரை மணி நேரமா பாக்கேன். காலையில பத்து மணி வரைக்கும் வேலை செஞ்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. இவருக்குக் கட்டு மாத்தக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து பாத்தா உள்ளயே போவ முடியல. மாமா போனும் ஸ்விட்ச் ஆஃப். ஆறு மணிக்குள்ள டிராயிங் அனுப்பணும்ணே. இந்தத் தடவையும் லேட்டாச்சுன்னா வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்கன்னு ரபீக் அண்ணன் நேத்தே சொல்லிட்டாவ."

குரலில் பதற்றம்கூட இல்லை. பதற்றப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. "இந்தா கிளம்புதேன்மா" என்று சொன்னேன். குரங்கிடம் கேபிளை ஒப்படைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவள் புருஷன் நாகராஜன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஆகஸ்டில் ஆலங்குளம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகும்போது ஒரு லாரிக்காரன் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். புண் ஆறவில்லை. அப்புறம்தான் அவனுக்குச் சுகர் இருப்பதே தெரிந்தது. முப்பத்தெட்டு வயசு. திறந்து கழுவி, மறுபடி தைத்து, மறுபடி சீழ் வைத்து, இரண்டு மாசமாக ஜோதி அங்கேதான் கிடக்கிறாள். வீட்டில் அவள் மாமனார் தில்லைநாயகம் மட்டும். அவருக்கு முட்டுவலி, ஒரு கண்ணில் இப்போதுதான் ஆபரேஷன், இன்னொன்றில் இன்னும் புரை. ஆஸ்பத்திரியில் அவரைத் துணைக்கு வைத்தால் அவருக்கு ஒரு துணை வேண்டும்.

ஜோதி சிவில் டிப்ளமோ படித்தவள். சார்ஜாவில் கட்டுகிற கட்டடங்களுக்குக் கம்பி எங்கே எத்தனை போகணும், எந்த இடத்தில் வளையணும் என்று வரைந்துகொடுப்பது அவள் தொழில். அச்சன்புதூர்க்காரர் முகம்மது ரபீக் சார்ஜாவிலேயே ஒரு ஆபீஸில் பெரிய ஆள். அவர் பிடித்துக்கொடுத்த வேலை. லோடு ஆட்டோ நசுங்கிப் போனபிறகு அந்த வீட்டில் ஓடுகிற ஒரே தொழில் அதுதான். ஆனால் வரைகிற சாஃப்ட்வேருக்கு உரிமம் வீட்டிலிருக்கும் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். அவள் கையிலிருக்கிற லேப்டாப் அதைத் திறக்கவே திணறும்.

செப்டம்பர் தொடக்கத்தில் துணி எடுக்க வந்தவள் என்னைக் கூப்பிட்டு, "அங்கன உக்காந்துக்கிட்டு இங்கன இருக்க கம்ப்யூட்டர்ல வேலை பாக்கணும்ணே, வழி இருக்கா?" என்று கேட்டாள். சும்மா கிடைக்கிற சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அறுத்துவிட்டதாம்.

வழி இருந்தது. ஆனால் சுளுவான வழியில்லை. எங்கள் கம்பெனியில் நானூறு வீட்டுக்கும் சேர்த்து வெளியுலகத்துக்கு ஒரே முகவரிதான். உள்ளே இருந்து வெளியே போகலாம். வெளியே இருந்து ஒருத்தர் வந்து இலஞ்சி ஜோதி வீடு எதுவென்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. ஆபீஸில் சண்டை போட்டு அந்த வீட்டுக்கென்று தனி முகவரி வாங்கினேன். ரவுட்டருக்குள் போய் ஒரு வாசலை மட்டும் திறந்து, இந்த வாசலில் வந்து தட்டினால் இந்தக் கம்ப்யூட்டரிடம் அனுப்பு என்று எழுதிவைத்தேன். பாஸ்வேர்டைப் பதினெட்டு எழுத்தில் வைக்கச் சொன்னேன். பிறந்த தேதியை வைக்கிறேன் என்றாள், விடவில்லை. ரவுட்டருக்கு ஒரு பேட்டரிப் பெட்டி. கரண்ட் போய்த் திரும்பினால் கம்ப்யூட்டர் தானே எழுந்துகொள்ள ஒரு ஏற்பாடு. மூன்று நாள் போய்வந்தேன். தில்லைநாயகம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடுனாலே எனக்கு ஆவாது. இது ராவும் பகலும் ஓடணுமாக்கும்?"

"ஓடணும் அண்ணாச்சி. அணைச்சிறாதிய. மவுஸையும் தொடப்படாது. அவ அங்கன இருந்து திரையில அம்பை அசைக்கும்போது நீங்க இங்கன தொட்டா, ரெண்டு பேரும் ஒண்ணைப் பிடிச்சு இழுத்த மாதிரி ஆயிரும்."

அதற்கப்புறம் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கையில் எள்ளுப்பொடி பிசைந்த சோற்றுத் தட்டோடு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோடு, ஒரு வளைவு, மறுபடி ஒரு கோடு.

"எழுத்துத் தெரியல கிதிரு. அசையுதது மட்டும் தெரியுது. இது ஓடுனா, அவ உக்காந்திருக்கான்னு அர்த்தம். அவ உக்காந்திருந்தா, அவன் நல்லாருக்கான்னு அர்த்தம். நின்னுட்டுன்னா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு."

நான் இடியை யோசித்தேன். கரண்டை யோசித்தேன். குரங்கை யோசித்துக் கேபிளுக்கு மேலே பைப்பே மாட்டினேன். தொழில் செய்கிற மனுஷனாக இருந்தும் ஆயுத பூஜையை நான் யோசிக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

வீட்டு கேட்டில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. உள்ளே போனதும் சாம்பிராணிப் புகை. சாமி படங்களுக்கு முன்னால் பெரிய தலைவாழை இலை. அதில் வரிசையாக ஜோதியின் கம்ப்யூட்டர் பெட்டி, திரை, கீபோர்டு, மவுஸ், என் ரவுட்டர், பேட்டரிப் பெட்டி. எல்லாம் துடைத்துப் பளபளவென்று, சந்தனமும் குங்குமமும் வைத்து. வயர்களைக்கூடச் சுருட்டி நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். பக்கத்தில் நாகராஜனின் ஸ்பானர்கள், நசுங்கிப்போன லோடு ஆட்டோவின் சாவி, அணைத்து வைத்த தில்லைநாயகத்தின் செல்போன். பொரி, அவல், கடலைச் சுண்டல், ஒரு சீப்புப் பழம்.

"வா கிதிரு. செத்த முன்னால வந்திருக்கப்படாதா? இப்பத்தான் தீவாராதனை ஆச்சு. பொரி எடுத்துக்கோ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அண்ணாச்சி! இதையெல்லாம் யாரு பிடுங்கச் சொன்னா உங்களை?"

"யாரு சொல்லணும்? வருசா வருசம் அவதான் வைப்பா. இந்த வருசம் அவ அங்கன கெடக்கா. அவ தொழிலுக்கு நான்லா வைக்கணும்? அவ சொல்லித் தந்த மாதிரிதான் அணைச்சேன். அம்பு நிக்க வரைக்கும் காத்திருந்து, பத்தரைக்கு அணைச்சேன். சரி, அவளும் பூசைக்கு நிப்பாட்டிட்டான்னு நெனைச்சேன்."

"அவ நிப்பாட்டல. கட்டு மாத்தக் கூட்டிட்டுப் போயிருக்கா. ஆறு மணிக்குள்ள டிராயிங் அனுப்பணும்."

"இன்னைக்கா? பூசையன்னைக்கு எவன்யா வேலை பாப்பான்?"

"சார்ஜாக்காரன் பாப்பான். ராத்திரி அங்கன கம்பி வளைக்காங்க. இது போவலைன்னா ஜோதிக்கு வேலை போயிரும். நகளுங்க, நான் எடுத்து மாட்டுதேன்."

அவர் நகரவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இலைக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எடுக்கப்படாது. நாளைக் காலம்பற மறுபூசை பண்ணித்தான் எடுக்கணும்."

"அண்ணாச்சி, நேரம் போவுது."

"கீழப்பாவூர்ல ரைஸ்மில்லுல நாப்பது வருசம் பிட்டரா இருந்தேன். ஒரு வருசம் பூசை போட்டு, மோட்டாருக்கு மாலை போட்டு எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புதோம். கேரளாவுக்கு ஒரு லோடு அவசரம்னு மொதலாளி ஓட்டச் சொல்லிட்டாரு. மாலையைக் கழத்தி ஸ்விட்சைப் போட்டவன் நாந்தான். கால் மணி நேரம் ஆவல. பால்வண்ணநாதன்னு ஒரு பய, கல்யாணமாயி மூணு மாசம், பெல்ட்டுல கை போயிட்டு. முழங்கை வரைக்கும். அந்தக் கையை ஒரு சாக்குல சுத்தி நாந்தான் தூக்கிட்டு ஓடுனேன்."

வெளியே காற்று எழும்பி வாழைக்கன்று கேட்டில் இடிக்கிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு என் மவனுக்கு ஆபரேசன். காலு. இன்னைக்கு என்னையப் போயி இதை எடுக்கச் சொல்லுதியே."

பெட்டியைத் தூக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அடுத்த வீட்டுப் பூசையிலிருந்து நான் போய் எதை எடுப்பது? நாளைக்கு அந்தக் காலுக்கு ஒன்று ஆகிவிட்டால் பாய் வந்து எடுத்தான் என்று இந்தத் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவரும் சொல்ல மாட்டார். நான் எனக்கே சொல்லிக்கொண்டு கிடப்பேன். மணி இரண்டரை. என் போனில் ஜோதியைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"அம்மா ஜோதி. நீயே சொல்லு இவருகிட்ட."

ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவள் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கிழவர் அசைந்திருக்க மாட்டார்.

"சரி மாமா. எடுக்க வேண்டாம். விடுங்க."

"ரபீக்குகிட்ட என்னம்மா சொல்லுவ?"

"என்னத்தச் சொல்ல? முடியலன்னு சொல்லிக்கிடுதேன்." அப்புறம், ஞாபகம் வந்தவள் போல, "மாமா, சாப்டியளா? சுகர் மாத்திரை போட்டியளா?" என்றாள்.

"போட்டேன்மா."

"சரி மாமா." போன் நின்றுவிட்டது.

அவர் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியா கிதிரு? அவளுக்குக் கோவங்கூட வரலியே. எம் மருமவளுக்குக் கோவம் வந்தா இந்தத் தெருவே கேக்கும். பால்காரனை அவ ஏசுத ஏச்சுல எனக்கே வெக்கமா இருக்கும். இப்பம் சரிங்கா. விடுங்கங்கா." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "மனுசி செத்துல்லா போயிட்டா உள்ளுக்குள்ள."

சுவரைப் பிடித்து எழுந்தார். கற்பூரத் தட்டை எடுத்தார். தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது, நாலாவது குச்சியில்தான் பற்றியது. படங்களுக்குக் காட்டி, இலைக்குக் காட்டி, கையைக் கூப்பிக்கொண்டு சத்தமாகவே பேசினார்.

"தாயே, மறுபூசையை இப்பமே போட்டுட்டேன். குத்தம்னா எந் தலையில போடு. நான் எழுவத்தோரு வயசு வரைக்கும் தின்னாச்சு, உடுத்தாச்சு. அந்தப் பயலைத் தொடாதே. அந்தப் புள்ளையையும் தொடாதே. எடுக்குதது நான்."

பெட்டியை நான் பிடிக்கப் போனேன். "நீ தொடாதே. ரூம் வாசல் தாண்டி வாங்கிக்கோ" என்றார். அந்த முட்டுவலியோடு, நெஞ்சோடு அணைத்து, ஒவ்வொரு அடியாக வந்து நிலைப்படிக்கு இந்தப் பக்கம் என் கையில் கொடுத்தார். திரையையும் அப்படியே. ரவுட்டரையும் அப்படியே. நூலைப் பல்லால் கடித்து அறுத்து வயரை விரித்தேன். ரவுட்டரில் வயர் சொருகுகிற ஓட்டைக்குள் குங்குமம் போயிருந்தது. சட்டைப்பை பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். ரவுட்டர் கண்ணைத் திறக்க மூன்று நிமிஷம் ஆகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று பச்சை விளக்கு வருகிறவரைக்கும் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். மவுஸைத் திருப்பிப் பார்த்தால், அடியில் சிவப்பு வெளிச்சம் வருகிற கண்ணிலேயே சந்தனத்தை அப்பியிருந்தார்.

"இதைத் துடைக்கவா அண்ணாச்சி?"

"அது கெடக்கட்டும். அதையாவது விட்டுவை. அவளுக்கு அது வேண்டாம்லா?"

வேண்டாம்தான். அவள் அங்கேயிருந்து அசைக்க இந்த மவுஸ் தேவையில்லை. அப்படியே வைத்தேன்.

மூன்று மணி பத்துக்கு அம்பு அசைந்தது. தில்லைநாயகம் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு ஐந்தருவியில் லைன் பாதியில் கிடக்கிறது, லாட்ஜ்காரன் ஏழு தடவை கூப்பிட்டுவிட்டான், போக மனசு வரவில்லை. சுண்டலும் பொரியும் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொடுத்தார். அதைத் தின்றபடி, பாளையங்கோட்டையில் இருக்கிற ஒருத்தி இலஞ்சியில் இருக்கிற கம்ப்யூட்டரில் சார்ஜாவில் இருக்கிற கட்டடத்துக்குக் கம்பி வளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தூணுக்குள் அத்தனை கம்பி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு நீளம், ஒரு வளைவு. நடுவில் அம்பு நிற்கும். கிழவர் மூச்சும் நிற்கும். மறுபடி ஓடும்.

ஐந்து மணிக்கு மலைப்பக்கம் இடி கிளம்பியது. முதல் இடிக்கே அவர் கை தானாக பிளக்குக்குப் போய்விட்டது. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது அவருக்கு எத்தனை வருஷப் பழக்கமோ. என்னைப் பார்த்தார். கையை எடுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த இடி பக்கத்தில் விழுந்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கரண்ட் ஒருதரம் கண்ணைச் சிமிட்டியது. கம்ப்யூட்டர் தாங்கிக்கொண்டது. "யா அல்லா" என்று நானும் "முருகா" என்று அவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மெயில் போனது. இரண்டு நிமிஷத்தில் ரபீக்கிடமிருந்து பதில் வந்தது: கிடைத்தது, அடுத்த தளத்தின் படம் நாளை மறுநாள் அனுப்புகிறேன்.

"போயிட்டு அண்ணாச்சி! வேலை நிலைச்சிட்டு!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பையைத் தோளில் மாட்டினேன்.

அம்பு நிற்கவில்லை. படத்தை மூடியது. வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தது. அதில் எழுத்து விழ ஆரம்பித்தது.

"என்ன கிதிரு, இன்னும் வேலை இருக்காக்கும்?"

"இல்ல அண்ணாச்சி. உங்களுக்கு எழுதுதா."

"படி."

படித்தேன். முதல் வரியைப் படித்தபிறகு நிறுத்தியிருக்கலாம். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இவரு பக்கத்துலயே முழிச்சுக்கிட்டு இருக்காரு. அதான் போன்ல சொல்ல முடியல. நாளைக்கு ஆபரேசன்ல கால் எடுக்காங்க மாமா. முழங்காலுக்குக் கீழ. இல்லன்னா உசுருக்கு ஆபத்துங்காங்க. ராத்திரி டாக்டரே வந்து இவருகிட்ட சொல்லுவாராம்."

எழுத்து இன்னும் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள்.

"பூசையில இருந்து எடுத்ததுனால இல்ல மாமா. காலையில ஒம்பது மணிக்கே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டார். நீங்க பூசை வைக்கதுக்கு முன்னாடியே. நீங்க அதை நெனைக்கப்படாது."

அவர் சேரைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"ஒம்பது மணிக்கா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"நான் பத்தரைக்குத்தான் அணைச்சேன்."

"ஆமா."

"அப்பம் இதை வச்சுக்கிட்டுத்தான் இம்புட்டு நேரம் உக்காந்து கம்பி வரைஞ்சாளா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என் மவன் காலு போவுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, எங்கிட்ட சாப்டியளான்னு கேட்டாளே. பாவி மட்டை."

அழுதார். சின்னப் பிள்ளை அழுகிற மாதிரித் தோள் குலுங்கி அழுதார். நான் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அவர் முதுகில் கை வைத்தேன். திரையில் எழுத்து நின்றுவிட்டது. கடைசி வரிக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. அவள் அங்கே காத்திருக்கிறாள்.

"நான் கேட்டுட்டேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? போன்ல பேசுனா அவன் மொகத்துக்கு முன்னால அவ அழுதுருவா."

"மவுஸை அசைங்க அண்ணாச்சி."

"தொடப்படாதுன்னியே."

"இப்பம் தொடலாம்."

மவுஸை எடுத்துத் திருப்பினார். அடியிலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். வேட்டி நுனியைப் பிடித்து அதை அழுத்தித் துடைத்தார். சிவப்பு வெளிச்சம் வந்தது. மேஜையில் வைத்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்தினார். அம்பு அவள் எழுதியதன் மேலேயே ஆடியது.

கையை எடுத்துவிட்டார். அம்பு அசைந்துகொண்டே இருந்தது.